ஜெனோவாவின் மோதிர விரல்

அச்சைப் பிரித்தபோது ஜெனோவாவின் விரலில் மோதிரம் இருந்தது.

போன மாதக் கையில் அது இல்லை. மாசானம் முதலில் அதைக் காற்றுக்குமிழி என்றுதான் நினைத்தான். பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கரைசலை அவசரப்பட்டு ஊற்றினால் குமிழி விழும், அவன் எதையும் அவசரப்பட்டுத்தான் ஊற்றுவான். ஆனால் எந்தக் குமிழியும் விரலைச் சுற்றி வட்டமாக, மேலே ஒரு சின்னச் சிலுவையோடு விழாது. அது கல்யாண மோதிரம். கல்லூரியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் செத்துப்போன ஜெனோவாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை மாசானம் இல்லை, ஏனென்றால் மாசானம் இதுவரை யாருக்கும் மோதிரம் போடவில்லை.

“யார்ல அவன்?” என்றான் பக்கத்தில் நின்ற பகுருதீன்.

“எனக்கென்னல தெரியும்.”

“செத்த பெறவும் ஒன்ன ஓரங்கட்டிட்டாளே மாப்ள.”

வேறொரு நாளாக இருந்தால் மாசானம் அவனை அடித்திருப்பான். இன்று அவன் கையில் ஈர ஸ்பாஞ்ச் இருந்தது. அச்சின் இரண்டு பாதிகள் சேருகிற இடத்தில் எந்தப் பொருளிலும் ஒரு கோடு எழும்பும், அதைப் பிளேடால் சீவி ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டுத்தான் சூளைக்கு அனுப்புவார்கள், அது வேலையின் ஒரு பகுதி, அதில் ஒரு தப்பும் இல்லை. மண் இன்னும் பன்னீர்க்கட்டி மாதிரி மெத்தென்றுதான் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் மோதிரம் போய்விடும். சனிக்கிழமை ஜெனோவாவின் அம்மா வருவதற்குள் கை வெந்து, ஆறி, எப்போதும் போல மோதிரம் இல்லாத கையாக மேசைமேல் இருக்கும்.

மோதிரம் வந்தது இருக்கட்டும், முதலில் கை வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மட்பாண்டக் கலையும் முப்பரிமாண வடிவமைப்பும் சொல்லித்தருகிற அந்தத் துறையில் முதல் வருடப் பிள்ளைகளுக்குத் திலகா மேடம் கொடுத்த முதல் வேலை, தண்ணீர் நிற்க வேண்டும் ஆனால் பாத்திரம் மாதிரி இருக்கக் கூடாது என்பது. எல்லாரும் சிப்பியும் படகும் வாழைமடலும் செய்தார்கள், பகுருதீன் ஒரு கக்கூஸ் செய்து மேடத்திடம் திட்டும் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான், மாசானம் குவித்த உள்ளங்கை ஒன்று செய்யப்போவதாகச் சொன்னான். அவன் பெரிய புத்திசாலி என்பதால் அப்படிச் சொல்லவில்லை. எதிர் மேசையில் ஜெனோவா உட்கார்ந்திருந்தாள், அவள் கையைப் பிடிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

“எடது கைதான் தருவேன்,” என்றாள் ஜெனோவா. “வலது கைல சோறு திங்கணும்.”

“எடதே போதும்.”

“இங்க பாரு, வேலை முடிஞ்சதும் அச்ச ஒடச்சிரணும். என் கைய வச்சிக்கிட்டு நீ ஊருக்கு ஒண்ணா ஊத்திட்டு இருக்கக் கூடாது.”

“ஒடச்சிருதேன்.”

“சத்தியமா?”

“சத்தியமாதான், கையக் காட்டு.”

அவள் கையில் தேங்காய் எண்ணெய் பூசி, பாதி பாதியாகப் பிளாஸ்டரை அப்பி, அது இறுகும்வரை இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அவளுக்கு அது தெரியாது.

“ஏ மாசானம், சூடாவுதுல. யாரோ கையப் புடிச்சிருக்க மாதிரியே இருக்கு.”

பதினெட்டு வயதில் ஒருவனுக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். “கைய ஆட்டாத,” என்றான். அவ்வளவுதான் அவர்களுடைய காதல் கதை, அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அச்சு நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. ஜெனோவா ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்கு என்று கடற்கரை ஊருக்குப் போனாள், போன இடத்தில் காய்ச்சல், காய்ச்சலில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், கொடி இறக்குவதற்கு முன்னால் அவளைக் குழியில் இறக்கிவிட்டார்கள். மொத்த வகுப்பும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. வந்த கையோடு மாசானம் அச்சை எடுத்தான், முழுதாகக் காயாத அச்சில் ஊற்றக் கூடாது என்று நன்றாகத் தெரிந்தும் ஊற்றினான், மிச்சக் கரைசலை மணிக்கட்டு வழியாகக் கவிழ்த்து வடித்தான், பிரித்தான். வாழ்நாளெல்லாம் நகம் கடித்த ஜெனோவாவுக்கு நகம் வளர்ந்திருந்தது.

யாரும் அலறவில்லை. திலகா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, “ஓரத்துக் கோடு தெரியுது, ஒழுங்கா தொடை,” என்று சொல்லிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அடுத்த மாதக் கையில் மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தெறித்த வடு ஒன்று இருந்தது, சமைக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று பெண்கள் சொன்னார்கள். அதற்கடுத்த கையில் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் காய்ப்பு ஏறியிருந்தது, சக்கரத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்தால் மட்டுமே ஏறுகிற காய்ப்பு, அதைத் தடவிப் பார்த்த மேடம், “தேறிட்டா, பட்டம் வாங்கிட்டா,” என்றார், பகுருதீன் எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தான். நமக்கு ஒரு மாதம் என்றால் அவளுக்கு ஒன்றோ இரண்டோ வருடம் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். காயாத அச்சில் ஊற்றியதுதான் காரணம் என்றார் மேடம், அவசரமாகப் போனவர்களுக்கு மிச்சம் எங்காவது ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றார் கேண்டீன்காரர், பிளாஸ்டரில் கலப்படம் என்றான் பகுருதீன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காலையில் பேர் கூப்பிடும்போது ஜெனோவா என்றால் பகுருதீன் அலமாரியிலிருந்து அந்தக் கையைத் தூக்கி, “உள்ளேன் மேடம்,” என்பான். முதல் நாள் மேடம் அவனை வெளியே நிற்க வைத்தார். பிறகு வருகை போட்டுவிட்டார்.

அவளுடைய அம்மா அமலோற்பவத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் ஊரில் பால்வாடி ஆயா, ஒற்றை மகளைப் பெற்றவர், கணவர் கப்பல் வேலைக்குப் போனவர் அந்தப் பக்கமே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். மாதத்தின் முதல் வெள்ளி பூசை முடிந்து மறுநாள் சனிக்கிழமை பஸ் ஏறி வருவார், வேலைக்கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார், அங்கே யாரும் அப்படி வருவதில்லை. முதல் தடவை மகளுடைய வளையல் ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கையின் மணிக்கட்டில் போட்டுப் பார்த்தார். வளையல் லொடலொடவென்று ஆடியது.

“மெலிஞ்சிட்டாளே,” என்று அழுதார்.

“இல்லம்மா,” என்றார் திலகா மேடம். “மண்ணு காஞ்சு வேகும்போது சுருங்கும். பத்துல ஒரு பங்கு கொறஞ்சிரும். எல்லாத்துக்கும் அப்படித்தான்.”

“எம்புள்ளைக்குமா?”

அமலோற்பவம் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அந்த உள்ளங்கைக்குள் தண்ணீர் ஊற்றினார். மெருகு பூசாத வெந்த மண் தண்ணீரை உறிஞ்சும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மறைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“குடிச்சிட்டா,” என்றார். மறுபடி ஊற்றினார்.

யாரும் அவரைத் திருத்தவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் மாசானம் ஒரு கை வார்ப்பான், அமலோற்பவம் அதைத் துண்டில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோவார், மாதா படத்துக்குக் கீழே வரிசையாக வைப்பார், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்து ஜெனோவா வளர்ந்துவிட்டாள் என்று பேசிக்கொள்வார்கள். மாதம் ஒன்றுதான் என்று கட்டுப்பாடு வைத்தவர் மேடம். பிளாஸ்டர் கல் இல்லை, ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் கொஞ்சம் கரையும், முதலில் நுணுக்கமான கோடுகள் போகும், கடைசியில் வெறும் வழுக்கைதான் மிஞ்சும் என்று அவர் மாசானத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் சரி என்றான். மாதம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தான், வேறு எந்த வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை, சக்கரத்தில் உட்கார்ந்தால் மண் கோணியது, வரைபடம் வரைந்தால் எல்லாம் கையாகவே வந்தது, ஒவ்வொரு தடவை அச்சைப் பிரிக்கும்போதும் அந்தக் கையில் எங்கேயாவது தன்னுடைய தடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அசிங்கம்.

இப்போது அந்தக் கையில் வேறொருவனுடைய தடம் இருந்தது.

மாசானம் ஸ்பாஞ்சை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். சிலுவை போனது. இன்னொரு இழுப்பு, வட்டம் போனது. “லே, வேண்டாம்ல,” என்றான் பகுருதீன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எப்போதும் போல அவசரம்; கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டான்.

சனிக்கிழமை அமலோற்பவம் வந்தார், வளையலைப் போட்டுப் பார்த்தார், தண்ணீர் ஊற்றினார், விரல் விரலாகத் தடவிக்கொண்டே வந்தவர் மோதிர விரலில் நின்றுவிட்டார். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. அவர் தன்னுடைய இடது கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் விரலிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு பள்ளம் இருந்தது.

“மோதிரம் கெடந்த எடம்,” என்றார். “கழட்டியிருக்கா. எவனையோ கட்டியிருக்கா, அவன் விட்டுட்டுப் போயிருக்கான். என்னைய மாதிரியே.”

மேடம் ஏதோ சொல்ல வந்தார். அமலோற்பவம் கேட்கவில்லை. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வளையலை அங்கேயே மறந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அந்த மாதம் கடற்கரை ஊரில் ஜெனோவாவின் வாழ்க்கை சேர வேண்டும் என்று ஒன்பது நாள் செபம் சொல்லி நவநாள் வைத்தார்கள். பெயர் தெரியாத அந்த மருமகனை ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் கிழி கிழி என்று கிழித்தார்கள். கேண்டீன்காரர் டீ ஆற்றிக்கொண்டே, “நல்ல புள்ளைங்களுக்குத்தான் இப்படி வந்து வாய்க்கும்,” என்றார். கல்யாணமே செய்துகொள்ளாத திலகா மேடம், “விடுங்க, சொந்தமா ஒரு சூளை போட்டுப் பொழச்சிக்கிடுவா,” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேர் கூப்பிடும்போது, ஜெனோவா மனசு சரியில்லாமல் இருப்பாள் என்று பகுருதீன் கையைத் தூக்கவில்லை. மேடமும் விடுப்பு என்று எழுதிக்கொண்டார்.

“சொல்லிருல,” என்றான் பகுருதீன்.

“மாட்டேன்.”

“அந்த அம்மா சோறு திங்கலையாம்ல. போன் பண்ணுனேன், பக்கத்து வீட்டுக்காரங்கதான் எடுத்தாங்க.”

“சொல்லமாட்டேன்னு சொன்னேம்லா.”

அடுத்த கை வந்தது. மோதிரம் திரும்ப வந்திருந்தது, இன்னும் கொஞ்சம் தேய்ந்து, இரண்டு பக்கமும் சதை பிதுங்கி, விரலோடு விரலாக ஊறிப்போன பழைய மோதிரமாக. அதோடு நிற்கவில்லை. அந்த மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் கை இருந்தது. நகம் அரிசிமணி அளவு. அச்சுக்குள் அதற்கு இடமே கிடையாது, ஆனாலும் இருந்தது, இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மாசானம் ஸ்பாஞ்சைத் தொடவில்லை. ஓரத்துக் கோட்டைக்கூடத் துடைக்காமல் அப்படியே சூளைக்கு அனுப்பினான்.

அமலோற்பவம் வந்தபோது பாதி ஆளாக இருந்தார். மேசைமேல் இருந்ததைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மறந்துவிட்டுப்போன வளையலை எடுத்து மணிக்கட்டு வழியாக நுழைத்தார், அது பாதியிலேயே நின்றுவிட்டது. தள்ளினார். ஏறவில்லை.

“சாப்புடுதா,” என்றார். “சதை போட்டிருக்கா.” பிறகு அந்தச் சின்னக் கையைத் தொடாமல், பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “அப்போ அவன் திரும்பி வந்துட்டானா?” என்றார்.

“அவன் போகவே இல்லம்மா,” என்றான் மாசானம். “போன தடவையும் மோதிரம் இருந்துச்சு. நாந்தான் அழிச்சேன்.”

வேலைக்கூடத்தில் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“அவ ஒத்தையில கெடந்து அழுதிருப்பாளோன்னு ஒரு மாசமா எனக்குத் தண்ணி எறங்கலய்யா,” என்றார் அமலோற்பவம். குரல் உயரவில்லை. “ஏன் அழிச்ச?”

அவர் அவன் முகத்தைப் பார்த்தார், களிமண் காய்ந்து வெளுத்திருந்த அவன் கைகளைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

“அவகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“எய்யா, அவ தெனமும் போன்ல பேசுவா. இந்த மண்ணைப் பத்திச் சொல்லுவா, மேடத்தப் பத்திச் சொல்லுவா, கக்கூஸ் செஞ்ச பையனப் பத்திக்கூட சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.”

அதோடு நிறுத்திக்கொண்டார். உன்னைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல என்று மிச்சத்தைச் சொல்லியிருந்தால்கூட மாசானத்துக்கு இவ்வளவு வலித்திருக்காது. பகுருதீன் தரையைப் பார்த்தான், சிரித்துச் சிரித்துத் தன்னைப் பற்றி அவள் பேசியிருக்கிறாள் என்பது அவனுக்கே ஏதோ திருட்டு மாதிரி இருந்தது.

அமலோற்பவம் உள்ளங்கைக்குள் தண்ணீர் ஊற்றப்போனவர் அதைக் கவனித்தார். “ரேகையக் காணோமே,” என்றார். உண்மைதான். ஆயுள் ரேகை இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது. அச்சு கரைகிறது என்று மேடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

“அப்போ நாம பாக்கப் பாக்க அவ தேயுதாளா?”

“தேஞ்சிட்டுத்தாம்மா வருது.”

அமலோற்பவம் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். அந்தக் கையைத் துண்டில் சுற்றினார், சின்னக் கையின் பக்கம் துண்டை இரண்டு மடிப்பாகப் போட்டார்.

“போதும்யா மாசானம். அவளுக்குப் புருஷன் இருக்கான், புள்ள இருக்கு, ஒரு கொறையும் இல்ல. கட்டிக்குடுத்த வீட்டுக்குள்ள மாசாமாசம் போய் எட்டிப் பாத்தா நல்லாவா இருக்கும்? அந்த அச்ச ஒடச்சிரு. நானே சொல்லுதேன், ஒடச்சிரு.” வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, “அழுவாதய்யா,” என்றார். அவன் அழவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதான்.

அந்தத் துறையில் வருடக் கடைசியில் அச்சு உடைக்கிற நாள் என்று ஒன்று உண்டு. அந்த வருடம் செய்த அச்சையெல்லாம் அவரவர் கையாலேயே பின்பக்கச் சுவரில் அடித்து உடைத்துவிட வேண்டும், ஒருவர் அச்சில் இன்னொருவர் வார்க்கக் கூடாது, அடுத்த வருடம் எல்லாரும் ஒன்றுமில்லாமல் ஆரம்பிக்க வேண்டும். யார் தொடங்கிய வழக்கமோ, திருவிழா மாதிரித்தான் நடக்கும். சிப்பி அச்சும் படகு அச்சும் வாழைமடல் அச்சும் சுவரில் பட்டுச் சிதறின, வெள்ளைத் தூசி கிளம்பி எல்லாருடைய தலையும் நரைத்தது, பகுருதீன் தன் கக்கூஸ் அச்சை மூன்று சுற்றுச் சுற்றி ஆடிவிட்டு வீசினான், பெண்கள் குலவை போட்டார்கள். தூசி அடங்கியதும் திலகா மேடம் சுத்தியலை நீட்டினார்.

“மாசானம். உன்னோடதுதான் பாக்கி.”

“ஒடைக்கேன் மேடம். நீங்க போங்க.”

“ஜெனோவாவும் அதத்தான சொன்னா உன்கிட்ட. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்.”

“தெரியும் மேடம். ஒடைக்கேன்.”

மேடம் சுத்தியலை அவன் கையில் திணித்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். பகுருதீன் கொஞ்ச நேரம் நின்றான். “மாப்ள, சீக்கிரம் வா, ஒனக்கு வட சொல்லுதேன்,” என்று சொல்லிவிட்டு அவனும் போனான்.

மாசானம் அச்சைப் பிரித்து இரண்டு பாதிகளையும் வெயிலில் வைத்தான். உள்ளே விரல்கள் இருந்த பள்ளங்கள் ஓரம் மழுங்கிப்போயிருந்தன, எது ஆள்காட்டி, எது நடுவிரல் என்று நிதானித்துத்தான் சொல்ல முடிந்தது. இன்னொரு தடவை ஊற்றினால் கை வருமா, வெறும் மண் உருண்டை வருமா என்று சொல்ல முடியாது. அவன் தன் இடது கையை அந்தப் பள்ளத்துக்குள் வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. சூடாகவும் இல்லை. சும்மா, காய்ந்த பிளாஸ்டர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கேண்டீனில் அவனுடைய பேரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள்.

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, பழைய சைக்கிள் டியூபால் சுற்றி இறுக்கிக் கட்டினான். கரைசல் வாளியை இழுத்து, கட்டி தட்டாமல் கலக்கி, குமிழி விழக் கூடாது என்று இந்த ஒரு தடவை மட்டும் அவசரப்படாமல், மணிக்கட்டு வழியாக மெல்ல மெல்ல ஊற்றினான்.

உடைத்துவிடு என்று ஜெனோவா சொல்லியிருந்தாள். அவளைப் பெற்றவர் சொல்லியிருந்தார், மேடம் சுத்தியலைக் கையிலேயே கொடுத்திருந்தார். அவன் உடைக்கவில்லை.